பழைய காரில் இறுகிப்போன சீட் பெல்ட்டைச் சீர்செய்யும் முறை

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய காரில் சீட் பெல்ட் இரண்டு விதமாகத் தொல்லை தரத் தொடங்கும். கழற்றி விட்டால் சுருண்டு உள்ளே போகாமல் கதவோரம் தொங்கும். அல்லது இழுக்கும்போது பாதியில் பிடித்துக்கொண்டு வெளியே வர மறுக்கும். நாளடைவில் ஓட்டுநர் அதைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறார். அதன்பின் போடாமலே ஓட்டப் பழகிவிடுகிறார். பெல்ட் இருந்தும் இல்லாத நிலை இப்படித்தான் உருவாகிறது. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அழுக்கு என்பதும், ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே அதைச் சரிசெய்துவிடலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதே சமயம், வீட்டில் ஒருபோதும் கைவைக்கக் கூடாத பகுதி ஒன்றும் இதில் இருக்கிறது. எது வரை செல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தெளிவாக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதி, ஓட்டுநர், முன்னிருக்கைப் பயணி, முன்னோக்கி அமைந்த பின்னிருக்கைகளில் அமர்வோர் ஆகிய அனைவரும் பெல்ட் அணிய வேண்டும் என்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, அணியாமைக்கு அபராதம் 1000 ரூபாய். ஆனால் தளர்ந்து தொங்கும் பெல்ட்டைச் சரிசெய்வதற்கு அபராதத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. மார்புக்கும் பட்டைக்கும் இடையில் எவ்வளவு தளர்வு இருக்கிறதோ, மோதலின்போது அவ்வளவு தூரம் உடல் எந்தத் தடையும் இன்றி முன்னால் பாய்ந்த பிறகே பட்டை அதைப் பிடிக்கத் தொடங்கும். ஸ்டியரிங்குக்கும் மார்புக்கும் இடையில் உள்ள இடமே குறைவு. அதில் ஒரு பகுதியைத் தளர்வுக்குப் பறிகொடுப்பது உயிருக்கே கேடாகலாம்.

இங்கே சொல்லப்படும் முறை, ஏர்பேக் இல்லாத பழைய மாருதி 800, ஜென், சான்ட்ரோ போன்ற கார்களில் உள்ள எளிய மூன்று முனை பெல்ட்டுக்கானது. 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த அதே அமைப்புதான் இன்றும் தொடர்கிறது. ஏர்பேக் உள்ள கார்களில், மோதலின் கணத்தில் பெல்ட்டை இறுக்கி இழுப்பதற்காகச் சிறு வெடிமருந்துக் குப்பி ஒன்று பெல்ட்டுடன் சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கலாம். அதற்கு ப்ரீ-டென்ஷனர் என்று பெயர். பெல்ட் சுருளும் பெட்டிக்கோ பக்கிளுக்கோ மஞ்சள் நிற கனெக்டருடன் ஒயர் செல்வதைக் கண்டால், பட்டையையும், தோளுக்கு மேலே தூணில் அது நுழைந்து வரும் வளையத்தையும் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்ற வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். அந்த ஒயரில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதுகூட ஆபத்தானது.

பெல்ட் ஏன் பிடித்துக்கொள்கிறது

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணின் அடிப்பகுதியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், ரிட்ராக்டர் எனப்படும் பெட்டி இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் தட்டையான எஃகுச் சுருள்வில் உண்டு; பட்டையை உள்ளிழுப்பது அதன் வேலை. மறுபக்கத்தில் பூட்டும் அமைப்பு உண்டு. அதில் ஒரு சிறு உலோகக் குண்டோ ஊசலோ இருக்கும். கார் திடீரென வேகம் இழந்தாலோ சாய்ந்தாலோ அது நகர்ந்து ஒரு கொக்கியைத் தூக்க, கொக்கி பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு சுருளை நிறுத்திவிடும். இதைத் தவிர, பட்டையை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டும் இரண்டாவது அமைப்பும் உண்டு. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 16-ஆம் எண் விதிமுறைப்படி, பொருத்தப்பட்ட நிலையிலிருந்து 12 பாகை வரை சாய்ந்தால் இது பூட்டக் கூடாது. 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் பூட்டியே தீர வேண்டும்.

இந்த எண்களைத் தெரிந்துகொள்வதால் நேரடியான பயன் உண்டு. ரிட்ராக்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பட்டையை இழுப்பவர், அது அசையாததைக் கண்டு பழுதாகிவிட்டது என்று முடிவு செய்கிறார். உண்மையில் அது சாய்ந்திருப்பதால் தன் கடமையைச் செய்கிறது. காரில் இருந்த அதே நிலையில் நிமிர்த்திப் பிடித்து மெதுவாக இழுத்தால் பட்டை வந்துவிடும். அதேபோல், மேட்டுச் சரிவில் நிறுத்திய காரில் பெல்ட் இறுகினால், சமதரைக்குக் கொண்டுவந்து பார்த்த பிறகே அதைக் கோளாறு என்று சொல்ல வேண்டும். முன்பு யாராவது ரிட்ராக்டரைக் கழற்றி மாட்டியபோது சற்றுக் கோணலாக வைத்து போல்ட்டை முடுக்கியிருந்தால், அந்தச் சாய்வே அது அடிக்கடி பூட்டிக்கொள்ளக் காரணமாகிவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மார்பை அழுத்தி வருத்தக் கூடாது என்பதற்காக, உள்ளிழுக்கும் வில் வேண்டுமென்றே மென்மையாக வைக்கப்பட்டிருக்கிறது. அதே விதிமுறை இந்த இழுவிசைக்கு 7 நியூட்டன் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஏறத்தாழ முக்கால் கிலோவுக்கும் குறைந்த எடையைத் தூக்கும் விசைதான் அது. இவ்வளவு மெல்லிய விசையை வெல்லச் சிறிதளவு பிசுக்கே போதும்.

முதலில் முடிச்சை அவிழ்த்தல்

முழுவதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்ட பெல்ட்டை மேலும் மேலும் வேகமாக இழுப்பவர்கள், ஒவ்வொரு இழுப்பிலும் கொக்கியைத் திரும்பத் திரும்ப மாட்டிவிடுகிறார்கள். கொக்கி விடுபட வேண்டுமென்றால் சுருள் சிறிதேனும் பின்னோக்கிச் சுழல வேண்டும். எனவே பட்டையை இரு கைகளாலும் உறுதியாக ஒருமுறை இழுத்து, உடனே முழுவதுமாக விட்டுவிடுங்கள். இறுகச் சுற்றியிருக்கும் அடுக்குகள் அந்த இழுப்பில் சற்று நெருங்கி, விட்டதும் சில மில்லிமீட்டர் உள்ளே போகும். கொக்கி விலக அது போதும். பிறகு மிக மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். சில முறை செய்தும் பயனில்லையென்றால் தூணின் கீழ் மூடியைக் கழற்றி, பட்டை மடிந்தோ முறுக்கிக்கொண்டோ ரிட்ராக்டரின் வாயில் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழந்தை இருக்கையைக் கட்டுவதற்கு உதவும் தனிப் பூட்டுமுறை சில கார்களின் பெல்ட்டில் உண்டு. பட்டையை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துவிட்டால் அது செயல்படத் தொடங்கி, பட்டை உள்ளே போகும்போது கட கடவென ஒலி கேட்கும், வெளியே வராது. முழுவதையும் உள்ளே போகவிட்டால் அந்தப் பூட்டு தானாக நீங்கும்.

மேல் வளையத்தில் பட்டை திருகிக்கொண்டிருந்தால், திருகலை அவிழ்க்கப் போல்ட்டைக் கழற்றத் தேவையில்லை. வளையத்துக்குச் சற்றுக் கீழே பட்டையைக் கோணவாட்டில் மடித்து, மடிப்பைக் கைவிரலால் அழுத்தித் தட்டையாக்கி, அந்த மடிப்பு வளையத்தின் துளை வழியாகச் செல்லும்படி பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் திருகல் அவிழும்.

குறை எங்கே என்று அறிதல்

பெல்ட் உள்ளே போகத் தயங்குவதற்கு வில் காரணமா, அழுக்கு காரணமா என்பதைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. கீழ் மூடியிலுள்ள பிளவிலிருந்து பட்டை வெளிவரும் இடத்தில், மேல் வளையத்துக்குப் போகும் முன்பாகவே அதைக் கையில் பிடித்து, ஒரு முழம் அளவுக்கு நேராக வெளியே இழுத்து, வளையத்தைத் தொடாமல் தளர விடுங்கள். சுறுசுறுப்பாக உள்ளே இழுத்துக்கொண்டால் வில் நலமாக இருக்கிறது. குறை வளையத்திலும் பட்டையின் பரப்பிலும் உள்ளது. இங்கேயும் சோம்பலாக இழுத்தால், கீழ் மூடியைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள், ஏனெனில் பிளாஸ்டிக் மூடி இடம் மாறிப் பட்டையை உரசுவதும் உண்டு. மூடி இல்லாமலும் இழுக்கவில்லையென்றால் வில் தளர்ந்துவிட்டது அல்லது ரிட்ராக்டருக்குள் மண்ணோ துருவோ சேர்ந்துவிட்டது. அதைச் சீர்செய்ய முயலாமல் மாற்றிவிட வேண்டும்.

வளையம்

தயங்கும் பெல்ட்டுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தோளுக்கு மேலே உள்ள வளையத்தையே. அங்கேதான் பட்டை ஏறக்குறைய முழுத் திருப்பம் திரும்பி இறங்குகிறது. ஆகவே அங்கே உராய்வு சற்றுக் கூடினாலும் அது பன்மடங்காகப் பெருகும். கழுத்து வியர்வை, தலையெண்ணெய், சாலைத் தூசு ஆகிய மூன்றும் பட்டை வழியாக வந்து வளையத்தின் உட்புறத்தில் படிந்து, காலப்போக்கில் கரிய பிசினாக இறுகிவிடும். நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தப் பிசின் மேலும் ஒட்டும் தன்மை பெறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பருத்தித் துணியை நனைத்து, ரிப்பன் போல வளையத்தின் துளைக்குள் செலுத்தி, இரு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்க வேண்டும். துணி கறுப்பாக வருவது நின்று வெள்ளையாகவே வரும் வரை துணியை மாற்றி மாற்றித் தேய்ப்பது அவசியம். பாதியில் நிறுத்தினால் இளகிய பிசின் மீண்டும் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். கத்தி, உப்புத்தாள், இரும்பு நார் ஆகியவற்றைக் கொண்டு சுரண்டவே கூடாது. அவை உண்டாக்கும் கீறல்கள் உராய்வைக் கூட்டுவதோடு, நாளடைவில் பட்டையின் இழைகளையும் அறுக்கும். வளையத்தில் ஏற்கெனவே ஆழமான தடமோ உருகிய அடையாளமோ இருந்தால், அந்த கார் முன்பு கடும் மோதலைச் சந்தித்திருக்கலாம் என்பதற்கு அது சான்று. அந்த நிலையில் பெல்ட் முழுவதையும் மாற்ற வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வளையத்தின் உட்புறத்தைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது என்றே சொல்வேன்.

பட்டையைக் கழுவுதல்

காரைச் சமதரையில் நிறுத்தி, பட்டையை மெதுவாக முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, அது திரும்ப உள்ளே ஓடிவிடாதபடி கீழ்ப் பிளவின் அருகே பெரிய பைண்டர் கிளிப்பால் கவ்வி நிறுத்துங்கள். கிளிப்பின் தாடை பட்டையைக் கீறாமல் இருக்க இடையில் துணி வைக்கலாம். வெதுவெதுப்பான நீரில் சில துளி குழந்தை ஷாம்புவோ மென்மையான கை கழுவும் திரவமோ கலந்து, மென்மையான பிரஷ்ஷால் பட்டையின் நீளவாட்டிலேயே தேய்க்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் இழைகள் பிசிறடிக்கும். இரு பக்கங்களையும் தேய்த்து, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பு நீங்கும் வரை துடைத்தெடுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே காய்ந்து மீண்டும் பிசுபிசுக்கும். தண்ணீர் பட்டை வழியாக வழிந்து ரிட்ராக்டருக்குள் இறங்காமல், கிளிப்புக்கு மேலே உலர்ந்த துண்டு ஒன்றைச் சுற்றி வைப்பது நல்லது.

ப்ளீச்சிங் பவுடர், துணிச்சாயம், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகிய எதுவும் பட்டையில் படக் கூடாது. மண்ணெண்ணெயில் துடைத்தால் உடனே பளிச்சென்று ஆகிவிடும் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். பட்டையின் வலிமை பாலியெஸ்டர் இழைகளில் இருக்கிறது. அவற்றின் மேல் எந்த வேதிப்பொருளைத் தேய்த்தாலும், அது இழையை என்ன செய்தது என்று கண்ணால் அறிய வழியில்லை. ஆகவே சோப்பு நீரால் போகாத கறை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், கறையால் கேடில்லை.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. கதவைத் திறந்துவைத்து, நிழலில், காற்றோட்டத்தில், கிளிப்பைக் கழற்றாமல் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். ஈரத்தோடு சுருண்டால் பூஞ்சை பிடிக்கும்; பெட்டிக்குள் துருவும் ஏறும். காய்ந்தபின் கிளிப்பை எடுத்துவிட்டு, பட்டையைக் கையில் பிடித்தபடியே மெதுவாக உள்ளே போகவிடுங்கள்.

கழுவும்போதே பட்டையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிடுவது நல்லது. ஓரத்தில் வெட்டு, சிகரெட் சுட்ட துளை, தையல் விட்ட இடம், வெயிலில் வெளுத்து அட்டைபோல விறைத்த பகுதி, எலி கடித்த தடம் என எது தென்பட்டாலும் கழுவுவதை நிறுத்திவிட்டு மாற்றும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பது எவ்வகையிலும் தீர்வாகாது.

ரிட்ராக்டருக்குள் கைவைக்க வேண்டாம்

மேற்சொன்ன அனைத்தையும் செய்த பிறகும் பெல்ட் உள்ளே போகவில்லையென்றால், பெட்டியைத் திறந்து வில்லைக் கூடுதலாக ஒரு சுற்று முறுக்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும். அதைச் செய்யவே கூடாது. மூடியை எடுத்ததும் வில் பாய்ந்து கையையும் கண்ணையும் காயப்படுத்தக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, பூட்டும் அமைப்பின் மெல்லிய பிளாஸ்டிக் பாகங்கள் இடம் மாறிவிடுவது. அப்படிக் கூட்டி மாட்டிய ரிட்ராக்டர் அன்றாடம் அழகாகச் சுருளும். மோதலின்போது பூட்டாமல் போகலாம். அதை முன்கூட்டி அறிய வீட்டில் வழியில்லை.

எண்ணெய், கிரீஸ், துருநீக்கி ஸ்பிரே ஆகியவற்றை உள்ளே அடிப்பதும் இதே அளவு தவறு. அவை தூசியை ஈர்த்து, குண்டு உருள வேண்டிய கிண்ணத்தையே பிசுபிசுக்க வைக்கும். பெட்டிக்கு வெளியே படிந்த தூசை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது வரை அனுமதிக்கத்தக்கது.

ரிட்ராக்டரைக் கழற்றி மாட்ட நேர்ந்தால், போல்ட்டுகளின் மேல் தனிக் கவனம் தேவை. பெல்ட்டைத் தாங்கும் போல்ட்டுகள் சாதாரண மில்லிமீட்டர் மரை கொண்டவை அல்ல. பெரும்பாலான கார்களில் அவை 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரை கொண்ட உயர்வலிமைப் போல்ட்டுகள். ஒன்று தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றை மரையில் திணிக்காமல், அதே போல்ட்டை வாங்க வேண்டும். வாஷர்களும் புஷ்களும் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே முடுக்கி, பிறகு கார் கையேடு சொல்லும் அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ரிட்ராக்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளை, தூணில் அதற்கென உள்ள துளையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் கோணல் வராது.

பக்கிள் சிக்கினால்

பக்கிளுக்குள் பட்டையிலுள்ள உலோக நாக்கு ஏறாமல் இருப்பதற்கும், சிவப்புப் பொத்தான் அழுத்திய நிலையிலேயே நின்றுவிடுவதற்கும் உள்ளே விழுந்த பொருள்களே பெரும்பாலும் காரணம்: நாணயம், மிக்சர் துணுக்கு, கடலைமிட்டாய்த் தூள், சிந்திய குளிர்பானம். பஞ்சர் கடை ஏர் கம்ப்ரசரால், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, பக்கிளைத் தலைகீழாகச் சாய்த்து ஊதச் சொல்லுங்கள். குளிர்பானப் பிசுக்கு என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நாக்கைப் பலமுறை செருகி எடுத்து, நன்கு உலரவிட வேண்டும். பக்கிளுக்குள் மின்சுவிட்ச் இருக்கும் கார்களில் தண்ணீரே வேண்டாம்.

பொத்தானின் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கியிருந்தால் மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. 1995-இல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் அதிகமான கார்களின் பெல்ட்டுகள் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணமே இதுதான். டகாட்டா நிறுவனம் 1980-களின் நடுப்பகுதி முதல் 1990-களின் தொடக்கம் வரை தயாரித்த பக்கிள்களின் சிவப்புப் பொத்தான் பிளாஸ்டிக், வெயிலின் புற ஊதாக் கதிரால் நொறுங்கி, துண்டுகள் உள்ளே விழுந்து, பூட்டுதல் பழுதானது. பொத்தானில் விரிசலோ உடைந்த மூலையோ தெரிந்தால் பக்கிளை மாற்றிவிடுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

வேலை முடிந்ததும் சமதரையில் பட்டையை மெதுவாக முழுவதும் இழுங்கள். தடையின்றி வர வேண்டும். விடுங்கள், நாக்கு தன் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை முழுவதும் உள்ளே போக வேண்டும். பாதியளவு இழுத்த நிலையிலிருந்து வெடுக்கென்று இழுங்கள். உடனே பூட்ட வேண்டும். வெவ்வேறு நீளங்களில் இதைச் செய்து பாருங்கள். அடுத்து, பின்னால் எவரும் வராத வெற்று மைதானத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்று பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். பட்டை உங்களைப் பிடித்து நிறுத்துவது தெளிவாகத் தெரிய வேண்டும். கைகள் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்திருக்கட்டும். பெல்ட் பூட்டாமல் போகலாம் என்ற எதிர்பார்ப்போடுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். எளிதாகச் சுருண்டும் பூட்டாத பெல்ட், இறுகிப்போன பெல்ட்டைவிட மோசமானது.

மாற்ற வேண்டிய நேரம்

மோதலைச் சந்தித்த பெல்ட்டையும் வெள்ளத்தில் மூழ்கிய பெல்ட்டையும் தயங்காமல் மாற்ற வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. ரிட்ராக்டர் தூணின் அடியில் இருப்பதால், இருக்கையின் உயரத்துக்கு நீர் ஏறினாலே அதற்குள் சேறு புகுந்துவிடும். எஞ்சினையும் இருக்கைத் துணியையும் சரிசெய்துவிட்டு பெல்ட்டை மறந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. சில மாதங்கள் கழித்து அது தயங்கத் தொடங்கும்போது, வெள்ளம் எவருக்கும் நினைவிருப்பதில்லை.

உங்கள் காரின் மாடலுக்கும் பக்கத்துக்கும் உரிய புதிய பெல்ட்டையே வாங்குங்கள். இடப்பக்கத்து ரிட்ராக்டர் வலப்பக்கத்தில் சரியான கோணத்தில் அமராது. புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கதவும் கண்ணாடியும் நம்பி வாங்கலாம். பெல்ட்டை வாங்குவது சரியல்ல, ஏனெனில் உடைக்க வந்த காரே விபத்தில் சிக்கியதாக இருக்க வாய்ப்புண்டு, பட்டை ஒருமுறை இழுபட்டு நீண்டதா என்பதைப் பார்த்துச் சொல்ல இயலாது. கழற்றிய பழைய பெல்ட்டைக் காயலான் கடைக்குப் போடும் முன் பட்டையைக் கத்தரிக்கோலால் குறுக்காக வெட்டிவிடுங்கள். அது வேறொரு காரில் ஏறாது. ப்ரீ-டென்ஷனர் உள்ளதை மட்டும் வெட்டாமல், திறக்காமல், அந்த கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைக்க வேண்டும்.